விறைப்பு வேறு, இறுக்கம் வேறு: ஸ்கீ பூட்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் தொடை வலி பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, உங்கள் ஸ்கீ (பனிச்சறுக்கு) பூட்ஸின் ஃப்ளெக்ஸ் எண் என்னவென்று பாருங்கள் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பூட்ஸின் மேல்பகுதி முன்னால் வளைய எவ்வளவு மறுக்கிறது என்பதைச் சொல்வதுதான் ஃப்ளெக்ஸ் எண். 50, 60 என்றால் லேசாக வளையும், 130 என்றால் கிட்டத்தட்டக் கல். சுவிஸ் மலைக் கிராமம் ஒன்றில் பன்னிரண்டு குளிர்காலம் வாடகைக் கடையில் ஆட்களின் காலுக்கு பூட்ஸ் பார்த்துக் கொடுத்தவன் நான், அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: வயது 41, எடை 70 கிலோ, நான்கு ஆண்டுகளாக ஸ்கீ செய்கிறேன். எளிதான நீலச் சரிவு சுலபம், நடுத்தரமான சிவப்பில் சமாளிப்பேன். பருவம் முடியும் நேரத் தள்ளுபடியில் ஃப்ளெக்ஸ் 130 பூட்ஸ் பாதி விலைக்குக் கிடைத்தது. விறைப்பு கூடினால் ஸ்கீ சொன்னபடி கேட்கும் என்று நண்பர் சொன்னதால் வாங்கிவிட்டேன். இந்த ஆண்டு முன்பு வந்த திருப்பம்கூட வரவில்லை, மதியத்துக்குள் தொடை எரிகிறது. 'நீ பின்னால் உட்காருகிறாய்' என்கிறார் பயிற்சியாளர். குறை என்னிடமா, பூட்ஸிலா?
(சூரிச் வாசகர்)

பூட்ஸில். நீங்கள் பின்னால் உட்காருவதும் உண்மைதான், ஆனால் உங்களை அப்படி உட்கார வைப்பதே அந்த பூட்ஸ்தான்.

வீட்டில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். வெறுங்காலோடு நின்று, கணுக்காலைத் துளியும் மடக்காமல், கணைக்கால் செங்குத்தாகவே இருக்கும்படி முழங்காலை மட்டும் மடக்குங்கள். இடுப்பு பின்னால் போகிறதா? எடை முழுக்கக் குதிகாலுக்கு வருகிறதா? கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் தொடை நடுங்க ஆரம்பிக்கும், ஏனென்றால் விழாமல் உங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது தொடையின் முன்தசை மட்டும்தான். இப்போது கணுக்காலையும் சேர்த்து மடக்குங்கள். இடுப்பு பாதத்துக்கு மேலே வந்துவிடும், உடம்பு லேசாகிவிடும். மலையில் உங்களுக்கு நடப்பது முதல் வகை. 130 பூட்ஸை 70 கிலோ எடையால், சிவப்புச் சரிவில் நிதானமாகப் போகும் வேகத்தில், வளைக்க முடியவில்லை. கணுக்கால் பூட்டிக்கொண்டது போல ஆகிவிடுகிறது, அப்புறம் மடங்குவதற்கு முழங்காலையும் இடுப்பையும் விட்டால் உடம்புக்கு வேறு வழி இல்லை.

திருப்பம் ஏன் வரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஸ்கீயின் முன்முனை பனியைக் கடித்தால்தான் திருப்பம் தொடங்கும். கணைக்காலால் பூட்ஸின் நாக்கை முன்னால் அழுத்தும்போது அந்த அழுத்தம் பூட்ஸ் வழியாக ஸ்கீயின் முன்பாதிக்குப் போகிறது. நல்ல பூட்ஸ் அப்போது மூங்கில் கழி மாதிரி நடந்துகொள்ளும்: முதலில் கொஞ்சம் கொடுக்கும், போகப்போக எதிர்க்கும், விட்டதும் உங்களை நிமிர்த்திவிடும். அந்த எதிர்ப்பின் மேல் சாய்ந்துதான் ஸ்கீ செய்பவர் தன் சமநிலையைக் கண்டுபிடிக்கிறார். கொடுக்கவே கொடுக்காத பூட்ஸில் சாய முடியாது. மேடுபள்ளம் வந்தால் அதை உள்வாங்க கணுக்காலும் இல்லை, அடி நேராக முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏறுகிறது.

நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை. பெர்ன் மாகாணத்து வெங்கனில் நடக்கும் லௌபர்ஹார்ன் டவுன்ஹில் பந்தயத்தில் 2013இல் ஒரு வீரர் மணிக்கு 161.9 கிலோமீட்டர் தொட்டார். அந்த வேகத்தில், ஐஸாக இறுகிய பாதையில், திருப்பத்தில் வரும் விசை உடம்பின் எடையைப் பல மடங்காக்கிவிடும், அதைத் தாங்க 130க்கும் மேலே போகும் விறைப்பு தேவை. அவர்களுக்கு அந்த பூட்ஸ் வளைகிறது. உங்களுக்கும் எனக்கும் வளையாது. வித்தை கூடக்கூட எண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று இதைப் பட்டம் மாதிரி நினைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் எடை, உங்கள் வேகம், உங்கள் கணுக்கால் இந்த மூன்றும் சேர்ந்து எதை வளைக்க முடியுமோ, அதுதான் உங்கள் எண். உங்கள் விஷயத்தில் 90இலிருந்து 100க்குள் தேடலாம். அதையும் கால் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் இந்த எண்ணுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய 100 இன்னொருவருடைய 110ஐவிட விறைப்பாக இருப்பதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

விற்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பல பூட்ஸ்களில் பின்பக்கம், மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பிணைக்கும் இரண்டு திருகாணிகள் இருக்கும். அப்படி இருந்தால், மேலே உள்ளதைக் கழற்றினால் கொஞ்சம் இளகும், பிடிக்கவில்லை என்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கை வெட்டி இளக்குவதும் உண்டு, தேர்ந்த பூட் ஃபிட்டர்கள் செய்வார்கள், ஆனால் கறந்த பால் மடி புகாது, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 130ஐ எவ்வளவு இளக்கினாலும் அது உங்களுக்கான 95 ஆகிவிடாது என்பதுதான் என் எண்ணம்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. பாடசாலையில் பெப்ரவரி மாதம் ஸ்கீலாகர் (ஸ்கீ முகாம்) கூட்டிப் போகினம். பிள்ளை வளருது, அடுத்த வருசமும் போடட்டும் எண்டு இரண்டு அளவு பெரிய சப்பாத்து எடுக்கலாமோ? புரொக்கியிலை (பழைய சாமான் கடை) ஒரு சோடி மலிவாக் கிடக்குது.
(பெர்ன் வாசகி)

வேண்டாம். இரண்டுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பெரிய சப்பாத்துக்குள் கால் நழுவும். பிள்ளை முன்னால் சாய்ந்தால் முதலில் காலும், உள்ளே இருக்கும் மெத்தை உறையான லைனரும்தான் நகரும், ஸ்கீக்கு எதுவும் போய்ச் சேராது. அந்த ஆட்டத்தை நிறுத்த பக்கிளை எல்லாம் இழுத்து இறுக்குவீர்கள், ரத்த ஓட்டம் குறையும், விரல் உறையும், மூன்றாம் நாள் பிள்ளை ஸ்கீயே வேண்டாம் என்று அழும். விறைப்பு வேறு, இறுக்கம் வேறு. விறைப்பு பிளாஸ்டிக்கின் குணம், இறுக்கம் அளவின் விஷயம். அளவு தப்பினால் எந்த விறைப்பும் உதவாது.

ஸ்கீ சப்பாத்தின் அளவு மொண்டோபாயிண்ட், அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நிற்க வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அங்கே லைனரை வெளியே எடுத்து, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னால் தொடும்படி நிற்கச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உங்கள் விரல் ஒன்றரை போனால் சரி, வளரும் பிள்ளை என்பதால் இரண்டு விரல் வரை விடலாம். அதற்குமேல் போனால் அது அடுத்த வருடத்துச் சப்பாத்து. காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது. குளிருக்கு இரண்டு காலுறை போட்டு அனுப்பும் அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் இரண்டு காலுறையில் கால் நெருக்கி இன்னும் சீக்கிரம் குளிரும்.

விறைப்பைப் பொறுத்தவரை அந்த வயதுக்கு லேசானதே நல்லது. போட்டுக்கொண்டு நின்று கணைக்காலால் முன்னால் தள்ளினால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளைய வேண்டும். எடை குறைந்த பிள்ளை வளைக்க முடியாத சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கால்களை அகல விரித்து, பின்னால் சாய்ந்து, கத்தரிக்கோல் மாதிரி இறங்கக் கற்றுக்கொண்டால் அந்தப் பழக்கம் போக ஆண்டுக்கணக்காகும்.

புரொக்கி சோடியில் இன்னொரு ஆபத்து, வயது. பழைய பிளாஸ்டிக் வெளியே பளபளவென்று இருந்தாலும் ஈரத்தாலும் காலத்தாலும் உள்ளே பலம் போயிருக்கும், சரிவில் போய்க்கொண்டிருக்கும்போதே ஓடு பிளந்துபோகலாம். சுவிஸில் பல கடைகள் பிள்ளைகளுக்கு முழுப் பருவத்துக்கும் வாடகைக்குக் கொடுக்கின்றன, அதுவே உங்களுக்கு உகந்தது. அங்கே பிள்ளையின் எடையையும் உயரத்தையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவற்றோடு சப்பாத்து அடியின் நீளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான், சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங் எப்போது கழல வேண்டும் என்று அமைப்பார்கள்.

கேள்வி: நான் பெண், உயரம் 174, எடை 66. சிறு வயதிலிருந்தே ஸ்கீ செய்கிறேன், மிகக் கடினமான கறுப்புச் சரிவும் இறங்குவேன். கடையில் பெண்களுக்கானது என்று ஃப்ளெக்ஸ் 80 கொடுத்தார்கள். நடக்க சுகமாக இருக்கிறது. வேகம் கூடினால் முன்னால் மடிந்து விழுவது போல இருக்கிறது, திருப்பத்தின் முடிவில் ஸ்கீயின் வால் வழுக்கிப் போகிறது. என் நுட்பம் கெட்டுவிட்டதா?
(ஜெனீவா வாசகி)

நுட்பம் அப்படியேதான் இருக்கிறது, அதைத் தாங்க பூட்ஸால் முடியவில்லை. சூரிச்காரருக்கு நேர் எதிர் நோய் உங்களுக்கு.

உயரமானவருக்குக் கணைக்கால் எலும்பு நீளம், நெம்புகோல் நீளமானால் அதே எடையே பூட்ஸை அதிகமாக வளைக்கும். அதோடு உங்கள் வேகமும் சேர்கிறது. உங்கள் 80 முருங்கைக் கிளை மாதிரி, ஓரளவு தாங்கிவிட்டு அப்புறம் ஒரேயடியாக விட்டுவிடுகிறது. உடம்பு முன்னால் சரிகிறது, ஸ்கீயின் முன்முனையில் அளவுக்கு மீறிய எடை, வால் லேசாகி வழுக்குகிறது. பக்கவாட்டிலும் இதே கதைதான். முழங்காலைச் சாய்த்தால் ஸ்கீயின் விளிம்பு உடனே பனியில் பதிய வேண்டும், ஆனால் மெத்தென்ற ஓடு முதலில் தான் நெளிந்துவிட்டுப் பிறகு விளிம்பைச் சாய்க்கிறது. கறுப்புச் சரிவில் அந்தத் தாமதம் பயத்தைக் கொடுக்கும். பயம் வந்தால் என்ன செய்வோம்? முன்னால் சாய்வதை நிறுத்திவிடுவோம். ஆக மிக மெத்தென்ற பூட்ஸும் ஆளைக் கடைசியில் பின்னால்தான் உட்கார வைக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை.

100, 110 போட்டுப் பாருங்கள். பெண்களுக்கான வரிசையிலேயே அந்த எண்ணில் பூட்ஸ் இருக்கின்றன, 'பெண்களுக்கு 80' என்று ஒரு விதி எங்கும் கிடையாது. பெண்களுக்கான வடிவத்தில் உண்மையான ஒரு நன்மை உண்டு, மேல்பகுதி தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும், கெண்டைச்சதை கீழே இறங்கியிருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். உங்கள் கால் அப்படி இல்லையென்றால் ஆண்களுக்கான பூட்ஸையும் தயங்காமல் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடையில் போட்டபோது அருமையாக வளைந்தது. புளூ மௌன்டனில் காலை ஒன்பது மணிக்கு இரும்பு மாதிரி இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
(டொரொன்டோ வாசகர்)

இல்லை, குளிர் செய்த வேலை. பெரும்பாலான பூட்ஸ் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக், அது குளிரக் குளிர விறைக்கும். கடைக்குள்ளே 20 பாகை, வெளியே கழித்தல் 15 என்றால் அது வேறொரு பூட்ஸ் ஆகிவிடுகிறது. அதனால் கடையில் போட்டுப் பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகவே வளைகிறதே என்று தோன்றினால்தான் மலையில் சரியாக இருக்கும். கிரிலாமிட், பெபாக்ஸ் போன்ற பிளாஸ்டிக்கில் செய்தவை குளிருக்கு இவ்வளவு மாறுவதில்லை, விலை கூடுதல்.

இரவு பூட்ஸைக் கார் டிக்கியில் விட்டுவிடுகிறீர்களா? மலைக்கு, அதாவது கொலிங்வுட் பக்கம், போகும் வழி முழுக்க அவை உங்கள் காலடியில், ஹீட்டர் காற்று படும்படி இருக்கட்டும். இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் கயிறு கட்டிய பழைய தோல் பூட்ஸ் பார்த்தோம். அவ்வளவு மெத்தென்றதில் எப்படித்தான் இறங்கினார்கள்?
(லௌசான் வாசகர்)

மிக அழகாக இறங்கினார்கள், ஆனால் வேறு விதமாக. தோல் நனைந்தால் தளர்ந்துவிடும், கணுக்காலுக்கு மேலே ஆதரவே கிடையாது, அதனால் உடம்பு முழுவதையும் எழுப்பி, சுழற்றி, எடையைத் தூக்கிவிட்டு ஸ்கீயைத் திருப்ப வேண்டியிருந்தது. 1960களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிளாஸ்டிக் தொழில் செய்த பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்தார், சில ஆண்டுகளில் பந்தய உலகமே அதற்கு மாறியது. கணைக்காலின் சின்ன அசைவுகூட ஸ்கீக்குப் போய்ச் சேர ஆரம்பித்ததும் நுட்பமே மாறிவிட்டது, தோளைச் சுழற்றும் வேலையைக் காலே எடுத்துக்கொண்டது. நம்மில் பலர் நுட்பம் மாறி பூட்ஸ் மாறியது என்று நினைக்கிறோம், இங்கே நடந்தது தலைகீழ்.

1980களில் பின்பக்கம் திறக்கும் பூட்ஸ் வீட்டுக்கு வீடு இருந்தது. போடுவது சுலபம், கால் சூடாக இருக்கும், ஆனால் பாதத்தின் மேற்பகுதியை இறுக்கிப் பிடிக்காது, முன்வளைவும் ஒரே சீராக வராது, அதனால் நன்றாக ஸ்கீ செய்பவர்கள் விட்டுவிட்டார்கள். அதே காலத்தில் கிரொய்ஸ்லிங்கனின் ரைக்லே கம்பெனி ஃப்ளெக்சோன் என்ற மூன்று துண்டு பூட்ஸை விற்றது. நாக்கு தனித் துண்டு, வரிவரியாக மடிப்பு, விண்வெளி உடையின் மூட்டு மடிப்பிலிருந்து வந்த யோசனை. ஓடு புடைக்காமல் நாக்கு மட்டும் மடிவதால் வளைவு சீராகக் கூடிக்கொண்டே போகும். மோகுல் என்ற மேட்டுப் பந்தயக்காரர்களுக்கு அந்த வடிவத்தின் மேல் இன்றைக்கும் தனிப் பிரியம், ஏனென்றால் ஒவ்வொரு மேட்டிலும் அவர்களுக்குக் கணுக்கால் மடங்கியாக வேண்டும்.

கேள்வி: விறைப்பான பூட்ஸ் கணுக்காலைக் காப்பாற்றி முழங்காலை உடைக்கிறது என்கிறார்களே, மெத்தென்றது வாங்கினால் முழங்கால் தப்புமா?
(பாசல் வாசகி)

சொல்வதில் உண்மை இருக்கிறது. தோல் பூட்ஸ் காலத்தில் கணுக்கால் முறிவு சாதாரணம். பூட்ஸ் உயர்ந்து விறைத்ததும் அது வெகுவாகக் குறைந்தது, முழங்கால் தசைநார்க் காயம்தான் பெரிய கவலையாக வந்து நின்றது. குறிப்பாக ஒரு வகை: குதித்து இறங்கும்போது எடை பின்னால் இருந்து ஸ்கீயின் வால் முதலில் தரையைத் தொட்டால், பூட்ஸின் விறைத்த பின்சுவர் கெண்டைக்காலை முன்னால் தள்ளும், தொடை பின்னாலேயே நிற்கும், நடுவில் ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் அறுந்துவிடும். சாதாரண பைண்டிங்கால் இந்த வகை விசையைப் பெரும்பாலும் உணர முடியாது.

ஆனால் இதற்கு மெத்தென்ற பூட்ஸ் மருந்தாகாது, ஜெனீவா வாசகிக்கு எழுதியதைப் பாருங்கள். பின்னால் உட்காராமல் இருப்பதுதான் முழங்காலுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அதற்கு உங்களால் வளைக்க முடிகிற பூட்ஸ் வேண்டும். இன்னொன்று: பின்னால் விழ ஆரம்பித்துவிட்டால் விழுந்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்திருக்கப் போராடாதீர்கள். பைண்டிங் அளவை ஆண்டுக்கு ஒருமுறை கடையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் ஒரு வார ஸ்கீ பயிற்சிக்குப் போகிறேன், முதல் தடவை. பூட்ஸ் வாங்கிக்கொண்டு போகவா?
(கோவை வாசகர்)

வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். குத்தவைத்து உட்கார்ந்தால் குதிகால் தரையில் படிகிறதா என்று இப்போதே பாருங்கள். படிந்தால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது, பாதி வேலை முடிந்தது. படியவில்லை என்றால் தினமும் கொஞ்ச நேரம் பழகுங்கள், இன்னும் காலம் இருக்கிறது. மடங்காத கணுக்காலுக்கு எந்த பூட்ஸும் விறைப்பாகத்தான் தெரியும்.

அங்கே கடையில் கேட்க வேண்டியது: லேசாக வளைவது, பாத நீளத்துக்குச் சரியானது, பக்கிள் எல்லாம் ஒழுங்காகப் பூட்டுவது. வாடகை பூட்ஸில் லைனர் பலர் போட்டுத் தொய்ந்திருக்கும், அதனால் தளர்வாகத் தெரிந்தால் ஓர் அளவு சின்னது கேளுங்கள். குல்மார்க்கே 2,650 மீட்டர் உயரம், கோண்டோலா என்ற கம்பிவண்டியில் அஃபர்வாட் மலை மேலே போனால் 3,900ஐத் தாண்டும், குளிரும் பூட்ஸின் விறைப்பும் சேர்ந்தே ஏறும். முதல் வாரம் கீழே உள்ள சரிவுகளிலேயே இருங்கள். முதல் நாள் மாலை கணைக்காலில் ஓரிடத்தில் மட்டும் குத்தி வலித்தாலோ விரல் மரத்தாலோ பொறுத்துக்கொள்ளாதீர்கள், மறுநாள் காலை பயிற்சிக்கு முன்பே கடைக்குப் போய் வேறு சோடி மாற்றிக்கொள்ளுங்கள்.